நடுவுல நின்ன முள்

விமானக் கதைன்னு சொன்னதும் நிமிந்து உக்காந்துட்டீங்க பாத்தீங்களா. தெரியும். உங்களுக்கு அது விழணும். நேராக் கேட்டா, ஐயோ அப்படியெல்லாம் இல்லீங்க, எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு கன்னத்துல போட்டுப்பீங்க. ஆனா எஞ்சின்ல தீ, ஜன்னலோரம் கைக்குழந்தை, கடைசி நிமிஷத்துல கேப்டன் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒத்தைக் கையால இறக்கி வைக்கிறது, பின்னாடி கைதட்டல், இதெல்லாம் இல்லேன்னா ஏமாந்துட்ட மாதிரி ஒரு மூஞ்சி வச்சிருப்பீங்க, அதையும் நான் பாத்திருக்கேன். தீ கிடையாது. குழந்தை இருக்கு, பதினாறாவது வரிசையில தூங்குது, அதை எழுப்ப வேணாம். நான் சொல்லப் போறது ஒரு ஆளோட மண்டைக்குள்ள கொஞ்ச நேரம் என்ன ஓடிச்சுன்றதை மட்டும்தான். போகி அன்னைக்குக் காலம்பற. ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்திவிட்ட புகையில ஓடுபாதை மறைஞ்சு போயி, தரையில இருந்து வர்ற சிக்னலை மட்டும் நம்பி ஒரு விமானம் கீழ இறங்கிட்டிருக்கு. எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு சிக்னல். ஒண்ணு ஓடுபாதை இடமா வலமான்னு சொல்லும். இன்னொண்ணு சாய்வைச் சொல்லும், மேல இருக்கியா, தாழ இருக்கியான்னு. ரெண்டுக்கும் ரெண்டு முள்ளு. முள்ளு நடுவுல நின்னா நீ சரியான வழியில வர்றேன்னு அர்த்தம். அன்னைக்கு, சாய்வு சிக்னலை அனுப்புற பொட்டியைப் பழுது பாக்க வந்தவங்க அதைச் சோதனை நிலையிலயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. அந்த நிலையில அதுக்கு ஒரே பேச்சுதான். நீ மலை மேல இருந்தாலும் மண்ணுக்குள்ள இருந்தாலும், சரியா இருக்கே ராசா, சரியா இருக்கே. முள்ளு நடுவுலயே நிக்கும். இது உங்களுக்குத் தெரியும். மேல இருக்கிற நூத்தம்பது பேருக்குத் தெரியாது. ஓட்டுறவனுக்கும் தெரியாது. எவ்வளவு சௌகரியமா இருக்கு பாருங்க உங்களுக்கு.

ஓட்டுறவர் பேரு தயாபரன். கேப்டன், அம்பத்தொரு வயசு, அவர்னுதான் சொல்லணும், ஆனா மண்டைக்குள்ள போயி உக்காந்தப்புறம் என்ன மரியாதை, அவன்னே சொல்றேன். தயாபரனுக்கு ஒரு வித்தை உண்டு, யாரு குரலா இருந்தாலும் ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், அப்படியே திருப்பிக் குடுத்துடுவான். கிளம்பினதுல இருந்து அதைத்தான் செஞ்சிட்டு வர்றான், ஏன்னா பின்னாடி மடக்கு சீட்டுல எதிராஜ் உக்காந்திருக்கான். எதிராஜ் விமானம் ஓட்டுறவன் இல்ல, கம்பெனியில யாருக்கு என்னைக்கு டூட்டின்னு போடுறவன், யாருக்குப் பொங்கல் லீவு யாருக்கு இல்லேன்றது அவன் கையில இருக்கு, உள்ள சீட்டு இல்லேன்னு இங்க வந்து ஒட்டிக்கிட்டான், விமானத்தைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அது லேட்டாகும்ன்றதுதான். வலது பக்கம் துணை விமானி முத்துப்பேச்சி. சாத்தான்குளம் பக்கம். பேரைக் கேட்ட அன்னைக்கே தயாபரன் முடிவு பண்ணிட்டான், இது ஒரு வருஷத்துக் கிண்டலுக்குத் தாங்கும்னு. புகை நாத்தம் ஏசி வழியா உள்ள வந்துடுச்சு, எரிஞ்ச ரப்பர், நனைஞ்ச பாய், கண்ணாடிக்கு வெளிய நெடுக வெள்ளை, திரிஞ்ச பால் மாதிரி அங்கங்க கட்டி கட்டியா வெள்ளை, இதுல எங்க ஓடுபாதை, எங்க ஊரு, இருக்கட்டும், முள்ளு இருக்கு. முத்துப்பேச்சி ஒரு குமிழைத் திருகிக் காதைக் குடுத்தா. அந்தப் பொட்டிங்க ஒவ்வொண்ணும் தன் பேரைத் தந்தி பாஷையில கீங் கீங்னு கூவிட்டே இருக்கணும், அந்தக் கூவல் கேட்டாத்தான் அது வேலையில இருக்குன்னு அர்த்தம், கேக்கலேன்னா நம்பக்கூடாது, இது பாலபாடம். "சார், சத்தம் வரலியே," அப்படின்னா. தயாபரனுக்கு அந்த 'வரலியே' ரொம்பப் பிடிச்சுப் போச்சு, கடைசியில ஒரு இழுப்பு, கிணத்துல வாளி இறங்குற மாதிரி. சத்தம் வரலியா, இந்தா வருதுன்னு சொல்லி உதட்டைக் குவிச்சு அவனே கூவினான். கீ-கீங், கீங்-கீ. அச்சா அந்தப் பொட்டியோட குரல். முப்பது வருஷமாக் கேட்ட குரல்தானே, பொட்டியே ஏமாந்துரும். எதிராஜ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சார் செம சார், ரேடியோ மாரியே கீது சார்னு குலுங்கினான். அவ குமிழ்ல இருந்து கையை எடுத்துட்டா. தயாபரன் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைச்சு வச்சான். பாலபாடம் படிக்கிற வயசு அவளுக்கு, எனக்கு இல்ல.

முள்ளு நடுவுல இருக்கு. சக்கரம் இறங்கியாச்சு, இறக்கை மடிப்பு இறங்கியாச்சு, தானோட்டி பிடிச்சிருக்கு, கை சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும். நடுவுல இருக்கு. இப்படி நடுவுல நிக்கிற முள்ளைப் பாத்தா மனசுக்கு ஒரு இது, தலை வாரி விட்ட மாதிரி. குலசேகருக்கு மட்டும் ஏன்தான் ஆடிச்சோ. குலசேகர் நினைப்பு ஏன் இப்ப வருது, அவனும் இதே கம்பெனியில கேப்டனா இருந்தவன்தான். ஒரே காலையில மூணு தடவை இறங்க வந்து மூணு தடவையும் மேல தூக்கினான், அவ்வளவுதான், ஒரு தப்பும் கிடையாது, சந்தேகம்னா தூக்குன்னு புஸ்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, யாரும் ஒரு கேள்வி கேக்கல, கம்பெனி பாராட்டிக்கூட சொல்லிச்சு. ஆனா கேண்டீன்னு ஒண்ணு இருக்குல்ல. அங்க தயாபரன் இருந்தான். கோயிங் அரவுண்ட், இறங்காமத் திரும்ப மேல போறேன்னு குலசேகர் டவருக்குச் சொன்னப்போ 'ரவுண்ட்'டுல தொண்டை உடைஞ்சு பதினாலு வயசுப் பையன் மாதிரி கீச்சுன்னு போயிடுச்சு, அந்தக் கீச்சை ரேடியோவுல கேட்டவன் தயாபரன், அடுத்த விமானத்துல. அன்னைக்கு மத்தியானமே கேண்டீன்ல பண்ணிக் காட்டினான். கோயிங் அர-கீச். சப்ளையர் வரைக்கும் சிரிச்சான். குலசேகரும் சிரிச்சான், அதுதான் வேடிக்கை, முன்னாடி வடை ஆறிட்டிருக்கு, சாம்பார்ல ஆடை படிஞ்சிருச்சு, சிரிச்சிட்டே இருக்கான், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்புறம் எல்லாரும் அவனைப் பாத்தாலே கீச். வானத்துல, ரேடியோவுல, முகம் தெரியாத எவனெவனோ, கீச். ஓட்டுற வேலையே வேணாம்னு பயிற்சிப் பள்ளிக்கு மாத்தல் வாங்கிட்டான். இப்பல்லாம் பேசும்போது வாயைக் கையால மறைச்சிக்கிறான், பல்லு விழுந்தவன் மாதிரி. நான் என்ன பண்ணேன். அவன் குரலைத்தானே குடுத்தேன், என் குரலையா குடுத்தேன். மேல தூக்குனா கேண்டீன்ல நாளைக்கு எவனாவது நம்மளப் பண்ணுவான். நம்மள எப்படிப் பண்ணுவான். யோசிச்சுப் பாத்தா அகப்படவே மாட்டேங்குது, தயாபரன் குரல் எப்படி இருக்கும், தயாபரனுக்கே தெரியல, வீட்ல ஒரு தடவை பதிவு பண்ணிக் கேட்டான், அதுல எம்ஜிஆர் நகர் பேங்க் மேனேஜர் இருந்தான், பழைய வாத்தியார் இருந்தாரு, பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான், இவன் இல்ல.

சுகந்தி இதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கா. பொண்டாட்டி. கல்யாணமான புதுசுல என்னமாப் பேசுவா, ஏறும் இறங்கும், நடுவுல சிரிப்பு வரும், கோவம் வந்தா மூக்கால பேசுவா. அவ அண்ணன் வீட்டுக்கு வந்தப்போ அந்த மூக்கை ஒரு மணி நேரம் பண்ணிக் காட்டினான், அண்ணன் சிரிச்சு புரையேறிப் போச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஆயிட்டா. சாப்பாடு வச்சிருக்கு. மழை வருது. உங்க போன் அடிக்குது. ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல, எடுத்துக்கப் பிடி குடுக்காத பேச்சு. பொண்ணு அதுக்கும் மேல, தலையாட்டுறதோட சரி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. ஆடாம அசையாம, இந்த முள்ளு மாதிரி, நடுவுல. காத்து இருந்தா முள்ளு லேசா துடிக்கும், வழக்கமா, வால் அறுந்த பல்லி மாதிரி ஒரு துடிப்பு இருக்கும், இன்னைக்கு அதுகூட இல்ல, காத்தே இல்ல போல இருக்கு, புகை அதனாலதான் நிக்குது, எவ்வளவு அழகா உக்காந்திருக்கு. "சார், தூரத்துக்கு ஹைட்டு கம்மியா இருக்கு. தாந்துட்டோம்லா." ஆஹா. தாந்துட்டோம்லா. அந்த 'லா' இருக்கே, தராசுத் தட்டுல கடைசியா ஒரு கத்திரிக்காயை வைக்கிற மாதிரி வைக்கிறா. தயாபரன் பாதி திரும்பி எதிராஜைப் பாத்து, கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கி, தாடையை உள்ள இழுத்துக்கிட்டு, "தூரத்துக்கு ஹைட்டு கம்மியா இருக்கு. தாந்துட்டோம்லா," அப்படின்னான், அந்த மூச்சு, அந்த அவசரம், 'ஹைட்டு'ல அந்த அழுத்தம், ஒண்ணு விடல. நடுவுல ஒரு நொடி விட்டான் பாருங்க, 'இருக்கு'க்கும் 'தாந்துட்டோம்'க்கும் நடுவுல, அந்த நொடியிலதான் சிரிப்பு உக்காந்திருக்கும், அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல. எதிராஜ் கையைத் தட்டினான். சாத்தான்குளம் ஏர்வேஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சிடலாம், சீட்டுக்குச் சீட்டு கருப்பட்டி குடுக்கலாம்னு தயாபரன் சொன்னான். அவளும் கொஞ்சம் உதட்டை விரிச்சா. நல்ல பொண்ணு. விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கிறா. முள்ளு நடுவுல இருக்கு, அப்புறம் என்ன தாந்துட்டோம்.

புகை. இந்தப் புகையிலதான் அப்பாவுக்கு இழுப்பு வரும், போகி முடிஞ்சு ஒரு வாரத்துக்கு இழுக்கும், பொன்மலை குவார்ட்டர்ஸ், சுவரெல்லாம் மஞ்சள். ஈ-ஹூ, ஈ-ஹூன்னு, உள்ள ஒரு விசில் இருக்கிற மாதிரி, ஏறும்போது ஒரு சுருதி, இறங்கும்போது ஒண்ணு. மொத மொதல்ல பிடிச்ச குரல் அதுதான். ஒன்பது வயசு. எதிர் வீட்டுக்காரங்க வந்து, தயா, உங்கப்பா எப்படிடா இழுப்பாரும்பாங்க, ஈ-ஹூ, முறுக்கு குடுப்பாங்க. வீட்லயும் பண்ணுவான், கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அம்மா பதறி ஓடி வருவா, வந்தா அப்பா பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. ஒரு மத்தியானம் இவன் கொல்லையில கொய்யா மரத்து மேல இருக்கான், உள்ள ஈ-ஹூ, ஈ-ஹூ, அம்மா அடுப்படியில இருந்து கத்துறா, போதும்டா தயா, நிறுத்து. மறுபடி ஈ-ஹூ. நிறுத்துன்னேன்ல. மரத்து மேல இருந்து இவன் கேட்டுட்டே இருந்தான். யாரு இவ்வளவு நல்லாப் பண்றது, நம்மள விட நல்லா இருக்கேன்னு நினைச்சான். இறங்கல. கொய்யாப் பழத்தைக் கடிச்சிட்டு சுருதியைக் கேட்டுட்டிருந்தான். அன்னைக்கு ஒண்ணும் ஆகல, அடுத்த வருஷம்தான் அப்பா போனாரு, ஆஸ்பத்திரியில, யார் மேலயும் தப்பில்ல. ஆனா அந்த ஒரு வருஷமும் அப்பாவுக்கு இழுத்தா அம்மா மொதல்ல இவன் எங்கேன்னு தேடுவா. இவனைக் கண்ணால பாத்து, வாய் மூடியிருக்குன்னு நிச்சயம் பண்ணிட்டு, அப்புறம்தான் அப்பா கிட்ட ஓடுவா. அந்தப் பார்வை. போதும்டா தயா. போதும்டா. நடுவுல இருக்கு. நடுவுல. "சார், ரொம்பத் தாந்துருக்கோம். ஆறு மைலுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் அடி இருக்கணும்லா, ஆயிரத்தி முன்னூறுதான் இருக்கு. பாத்துக்கிடுங்க சார்." இந்தத் தடவை குரல் அரை சுருதி மேல ஏறியிருக்கு, 'பாத்துக்கிடுங்க'ல ஒரு நடுக்கம், தொண்டையில எச்சில் முழுங்குற சத்தம்கூட, அதை விட்டா வேற எப்பக் கிடைக்கும். வாயில தானா வந்துருச்சு. "சார், ரொம்பத் தாந்துருக்கோம். ஆறு மைலுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் அடி இருக்கணும்லா, ஆயிரத்தி முன்னூறுதான் இருக்கு," எச்சில் முழுங்கினான், "பாத்துக்கிடுங்க சார்." எதிராஜ் சிரிச்சான், மொத தடவை அளவுக்கு இல்ல, முடிக்கும்போது லேசா இருமல் மாதிரி ஆயிடுச்சு. அரை நொடி முந்திட்டேன், எச்சிலுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணும். விட்டிருந்தா விழுந்து சிரிச்சிருப்பான். முத்துப்பேச்சி கை மடியில இருந்து எழும்பிச்சு, கன்ட்ரோல் பக்கமா வந்துச்சு, மறுபடி மடிக்கே போயிடுச்சு. வாயை மூடிக்கிட்டா. அப்பாடா. முள்ளு நடுவுல. அரை நொடி. எங்க தப்பு பண்ணேன், 'முன்னூறுதான்'லயா.

அப்பத்தான் விமானமே வாயைத் திறந்துச்சு. தரை கிட்ட வந்தா உயரத்தைச் சொல்றதுக்கு உள்ள ஒரு குரல் பதிஞ்சு வச்சிருப்பாங்க, ஆம்பளைக் குரல், வெள்ளைக்காரன், சளி பிடிச்சவன் மாதிரி. ஃபைவ் ஹண்ட்ரட். தயாபரன் உதடு பழக்கத்துல கூடவே அசைஞ்சுச்சு, ஃபைவ் ஹண், அவ்வளவுதான், 'ட்ரட்' வரல. ஐநூறு அடியா. ஐநூறுன்னா ஓடுபாதை மூஞ்சிக்கு நேரா இருக்கணுமே. கண்ணு முள்ளை விட்டு நகர மாட்டேங்குது, நடுவுல இருக்கே, நடுவுல இருக்கே, அதைப் பிடுங்கி எடுத்துப் பக்கத்துல இருக்கிற தூரத்து மேல வச்சான். மூணரை மைல். இன்னும் மூணரை மைல் இருக்கு. மூணரை மைலுக்கு ஆயிரத்துக்கு மேல. மேல. ஐநூறு இப்ப நானூத்தி.  தூக்குனா கீச். தூக்கலேன்னா. கேண்டீன். கீச். நானூத்தி. புகையில ஒரு ஓட்டை விழுந்துச்சு, அதுல தென்னை மரம், ஒரு மரம் இல்ல, தோப்பு, ஓலை ஓலையாத் தெரியுது, ஒரு மொட்டை மாடி, மாடியில கொடி, கொடியில பச்சை நிறத்துல ஏதோ ஒரு துணி, ஒரு ஆள் நிமிந்து பாக்குறான், வாய் திறந்திருக்கு. கை தானாப் போயி எஞ்சின் பிடியை முன்னால தள்ளுச்சு. எஞ்சின் ரெண்டும் அலறிச்சு, சீட்டு முதுகுல அடிச்சுது, வயிறு கீழயே தங்கிருச்சு, பின்னாடி ஏதோ சாமான் உருண்டு ஓடுது, நூத்தம்பது பேரு ஒரே மூச்சா உள்ள இழுக்கிற சத்தம் கதவு தாண்டிக் கேக்குது. ரேடியோவை அழுத்திக் கோயிங் அரவுண்ட்னு சொன்னான். கீச்சுன்னு போகல. கவனமாக் கேட்டான். போகல. அடிவயித்துல இருந்து, கெட்டியா, ஒரு கேப்டன் குரல், யாரோடதுன்னு தெரியல, நல்லா இருந்துச்சு. ஏறுது. எழுநூறு, ஆயிரம். புகைக்கு மேல வந்ததும் வெயில் பளீர்னு கண்ணுல குத்துச்சு. சக்கரம் மேலன்னான், பேச்சி தூக்கினா, வார்த்தை தப்பாம எல்லாம் செஞ்சா. டவர்ல கேட்டாங்க, என்ன காரணம்னு. சாய்வு சிக்னல் பொய் சொல்லுது, பொட்டியைப் பாருங்கன்னான்.  அப்புறம், பாக்கச் சொல்றோம், நீங்க காத்திருங்கன்னு ஒரு செத்த குரல் வந்துச்சு.

வரைபடத்தை எடுத்து மடியில விரிச்சு வச்சிக்கிட்டான். உயிரோட இருக்கோம். நூத்தம்பது பேரும். இதை எப்படிச் சொல்றது. சொல்லித்தானே ஆகணும், கீழ போனதும் கேப்பாங்க, எழுதி வாங்குவாங்க, அதுக்கு முன்னாடி கேண்டீன் கேக்கும், கதையை நாம மொதல்ல சொல்லலேன்னா எவனாவது சொல்லிடுவான். கேப்டன் கடைசி நிமிஷத்துல பொய் சிக்னலைக் கண்டுபிடிச்சான். நல்லா இருக்கு. நானூறு அடி வரைக்கும் ஏன் கண்டுபிடிக்கலேன்னு கேட்டா. பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்காளே எதுக்கு, தூரத்தையும் உயரத்தையும் பாத்துச் சொல்றது அவ வேலை, ஓட்டுறவனுக்கு ஆயிரம் இருக்கும். அவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா. ஆமா, கல்லு மாதிரி. உக்காந்துதானே இருந்தா. கை மடியில இருந்துச்சு, வாய் மூடியிருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு, வாய் மூடியிருந்ததைக் கண்ணால பாத்தேன். நினைக்க நினைக்க கெட்டியாச்சு. நினைக்க நினைக்க கோவமே வந்துச்சு, நிஜக் கோவம், தொண்டைக்கு ரொம்ப இதமா இருந்துச்சு. நூத்தம்பது உசுரை மடியில வச்சிக்கிட்டு இப்படியா ஒரு பொண்ணு ஊமையா உக்காந்திருப்பா, இவங்களையெல்லாம் யாரு தேர்வு பண்றது, ஊருக்கே அனுப்பி வைக்கணும், பனங்காட்டுக்கு. நேராப் பாத்துக்கிட்டே, நீ எதுக்கும்மா அங்க உக்காந்திருக்கே, ஜன்னல்ல வேடிக்கை பாக்கவான்னு கேட்டான்.  சாரி சார்னா, ரயில்வே அறிவிப்பு மாதிரி, ஏத்தம் இறக்கம் எதுவும் இல்லாம. அது அவன் முதுகுல என்னமோ பண்ணுச்சு. சாரியை வச்சு நான் என்ன பண்ண, செத்திருந்தா உன் சாரியைப் போர்த்திக் கிடந்திருப்போம்னான். அவ கண்ணு கருவி மேலயே இருந்துச்சு. சாட்சிக்கு ஆள் வேணும். சாட்சி பின்னாடியே உக்காந்திருக்கான், கம்பெனி ஆளு, நாளைக்கு இவளுக்கு எந்த டூட்டி, டூட்டி உண்டா இல்லியான்னு அவன் போட்டாத்தான். தயாபரன் இந்தத் தடவை முழுசாவே திரும்பினான். எதிராஜ் ரெண்டு கையாலயும் சீட்டு விளிம்பைப் பிடிச்சிட்டு, வேர்த்து, சட்டைக் காலரு நனைஞ்சு உக்காந்திருந்தான்.

"நீங்களே பாத்தீங்கல்ல எதிராஜ்," தயாபரன் பொறுமையாக் கேட்டான். "ஏதாவது ஒரு வார்த்தை பேசினாளா? ஒரு தடவையாவது, தாழப் போறோம்னு?"

எதிராஜ் அவளைப் பாத்தான், இவனைப் பாத்தான். புரியாத ஆளு, பயந்த ஆளு, யோசிச்சுப் பேசத் தெரியல.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்கோ," அப்படின்னான். "நாலு தபா என் காதுல வுழுந்துச்சே சார். ரெண்டு தபா மேடம் சொல்லிச்சு. ரெண்டு தபா நீங்க சொன்னீங்கோ."